நுனியில் ஏறும் எடை: கண்ணாடியிழை ஃபிளை ராடு கட்டுவதும் வீசுவதும்

ஏழரை அடி நீளம், இரண்டு துண்டு, 4-ஆம் எண் லைன். கண்ணாடியிழையில் முதல் ராடு, அதாவது தூண்டில் கம்பு, கட்டுகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் அளவு இதுதான். சிற்றோடை டிரவுட் மீனுக்குப் பொருந்தும், புல்தரையில் வீசிப் பழகவும் உதவும், கட்டும்போது நேரும் சிறு தவறுகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு ராடுக்கானவை. ஓடை என்று நாங்கள் சொல்வது அமெரிக்காவில் டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே கிடக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைகளின் ஓடைகளை. பத்துப் பதினைந்து அடி அகலம், இரு கரையிலும் ரோடோடென்ட்ரான் புதர், தலைக்கு மேலேயும் அதே புதர்.

ஃபிளை மீன்பிடிப்பு பழகாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே போகும், நரம்பு அதன் பின்னே ஓடும். இங்கே அது தலைகீழ். முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடை இல்லை. லைன் என்ற தடித்த தூண்டில் நூலுக்குத்தான் எடை. அந்த லைன் பின்னால் நீண்டு ராடை வளைக்கிறது, ராடு நிமிரும்போது லைனை முன்னே தள்ளுகிறது, பூச்சி அதன் வாலில் போய் இறங்குகிறது. ஆகவே ராடு ஒரு வில். அது எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தே கட்டும் முறையும் வீசும் முறையும் மாறுகின்றன.

ஈ-கிளாஸ் என்ற சாதாரணக் கண்ணாடியிழையின் விறைப்பு சுமார் 72 கிகாபாஸ்கல், எஸ்-கிளாஸின் விறைப்பு சுமார் 86. ராடுகளில் வழக்கமாக வரும் கார்பன் இழைக்கு அது 230 அளவில் இருக்கும். அடர்த்தியிலோ கண்ணாடி 2.5, கார்பன் 1.8. ஒரே வலுவில் இரண்டு ராடு செய்தால் கண்ணாடி ராடுக்குச் சுவர் தடிக்க வேண்டும், அந்தச் சுவர் கனமாகவும் இருக்கும். கனமான வில் மெதுவாகத்தான் நிமிரும். கண்ணாடி ராடு 'நிதானமானது' என்று சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான். இதற்கு ஈடாக இன்னொரு குணம் கிடைக்கிறது. கார்பன் இழை 2 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும், கண்ணாடி இழை 4, 5 சதவீதம் வரை நீளும். பிடி வரை வளைத்தாலும் நல்ல கண்ணாடி ராடு தாங்குவது அதனால்தான்.

இந்தக் கணக்கிலிருந்து கட்டுகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஏற்கெனவே மெதுவாக நிமிரும் வில்லின் நுனியில் எடை ஏற்றினால் அது இன்னும் மெதுவாகும். கார்பன் ராடில் தெரியாமல் போகும் ஒரு கிராம் கண்ணாடியில் கைக்குத் தெரியும். லைன் ஓடும் கைடு வளையங்கள், அவற்றைக் கட்டும் நூல், அதன் மேல் பூசும் எபாக்ஸி, நுனியில் ஒட்டும் டிப்-டாப் வளையம் எல்லாமே எடைதான். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான முடிவுகள் இதை ஒட்டியே வருகின்றன.

கொஞ்சம் பழங்கதை. இரண்டாம் உலகப்போருக்கு முன் நல்ல ராடு என்றால் சீனாவின் குவாங்தொங் பகுதியில் விளையும் டோன்கின் மூங்கிலைப் பிளந்து ஒட்டியது. ஆர்தர் ஹோவால்டின் முறையில் ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1940-களின் பிற்பாதியில் கண்ணாடியிழை வொண்டர்ராடைக் கொண்டுவந்தது. 1950-இல் அமெரிக்கா சீன வணிகத்தைத் தடைசெய்ததும் மூங்கில் வரத்து நின்றது, கண்ணாடி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பித்தளை மூட்டு இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியே பொருந்தும் ஃபெராலைட் மூட்டை ஃபென்விக் நிறுவனத்துக்காக ஜிம் கிரீன் உருவாக்கினார். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ரஸ் பீக் ஒவ்வொன்றாகக் கையால் முடித்த ராடுகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். 1973-இல் ஃபென்விக்கின் எச்.எம்.ஜி. கார்பன் ராடு வந்தபின் கண்ணாடிக்குக் கூட்டம் குறைந்தது. இன்று அதைக் கட்டுகிறவர்கள் சிறிய பட்டறைக்காரர்களும் வீட்டு மேசையில் உட்கார்ந்து கட்டுகிறவர்களும்தான்.

பிளாங்க் வாங்கும்போது

கைடும் பிடியும் இல்லாத வெறுங்குழாய்தான் பிளாங்க். பிசின் ஊறிய கண்ணாடித் துணியைக் கூம்பு வடிவ இரும்புக் கம்பியில் சுருட்டி, மேலே செல்லோஃபேன் நாடாவை இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவி எடுப்பார்கள். நாடா பதிந்த வரிகள் சில பிளாங்குகளில் அப்படியே இருக்கும். அது குறை இல்லை. தேய்த்து மழமழப்பாக்கியது சற்று லேசாக இருக்கும், தேய்க்காததற்கு அடி தாங்கும் குணம் கூடுதல்.

மூட்டில் இரண்டு வகை உண்டு. நுனித்துண்டின் அடிவாய் விரிந்து அடித்துண்டின் மேல் ஏறுவது ஒன்று. அடித்துண்டின் வாயில் ஒரு முளை ஒட்டியிருந்து, அதன் மேல் நுனித்துண்டு ஏறுவது மற்றது. முளை வகையில் இரு துண்டுக்கும் நடுவே 3 முதல் 6 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். 'சரியாகச் சேரவில்லை' என்று நினைத்து அதைத் தேய்த்துச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. முளை நாளடைவில் தேயும்போது உள்ளே இறங்க வைத்திருக்கும் இடம் அது. வளைவு முளை வகையில்தான் அழகு என்பார்கள். 4-ஆம் எண் ராடில் கண்ணை மூடிக்கொண்டு வீசினால் வித்தியாசம் சொல்ல முடியாது என்பது எங்கள் அபிப்பிராயம்.

பழைய ராடைப் பிரித்துக் கட்டுவதானால் மூட்டின் வாயை முதலில் பாருங்கள். நீளவாக்கில் வெள்ளைக் கோடு இருந்தால் இழை விட்டுவிட்டது, வாங்க வேண்டாம். காதருகே வைத்து மெல்ல வளைத்துச் சுழற்றும்போது 'டிக்' என்று கேட்டால் உள்ளே பிளவு. வெயிலில் கிடந்து மேல்பிசின் போய், தடவினால் கையில் முள் ஏறுகிற பிளாங்கைக் காப்பாற்றலாம். 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, காய்ந்ததும் எபாக்ஸியை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். கண்ணாடியிழைத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தேய்ப்பது ஈரத்தில், மூக்கில் எப்போதும் முகக்கவசம். நீளம் குறைக்க நேர்ந்தால் வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, நெருக்கமான பல் உள்ள ஹேக்சாவால் சுழற்றிச் சுழற்றி அறுக்க வேண்டும். பைப் கட்டர் குழாயை நசுக்கி உள்ளே பிளந்துவிடும்.

எந்த லைன் என்று ராடிடமே கேட்பது

பிளாங்கில் 4 என்று எழுதியிருப்பது செய்தவரின் யோசனை மட்டுமே. லைன் எண் என்பது முதல் 30 அடியின் எடை: 3-ஆம் எண் 100 கிரெயின், அதாவது சுமார் 6.5 கிராம். 4-ஆம் எண் 120, சுமார் 7.8 கிராம். 5-ஆம் எண் 140, சுமார் 9 கிராம். ஸ்மோக்கி ஓடையில் ராடுக்கு வெளியே 30 அடி லைன் எப்போதாவதுதான் போகும், பெரும்பாலும் 12 முதல் 18 அடிதான். அப்படியானால் ராடு உணர்வது பாதி எடையைத்தான். 4 என்று எழுதிய ராடு அந்தத் தூரத்தில் 5-ஆம் எண் லைனோடு உயிர் பெறுவது இதனால்தான். புல்வெளியில் 35 அடி வீசிப் பார்த்து 4 சரி என்று முடிவுசெய்தவர் ஓடையில் ராடு மரக்கட்டை மாதிரி இருப்பதாக வருத்தப்படுவார்.

ஆகவே கைடைக் கட்டும் முன்பே வீசிப் பாருங்கள். கைடுகளை மெல்லிய டேப்பால் ஒட்டி, லைன் சுற்றிய ரீலைக் கைமுனையில் டேப் போட்டுப் பொருத்தி, 3, 4, 5 மூன்று லைனையும் கடன் வாங்கியாவது ஓட்டிப் பாருங்கள். அதற்கும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. நுனித்துண்டின் மூட்டு வாயில் ஒரு அங்குல நீளத்துக்கு நூலை இறுக்கிச் சுற்றி எபாக்ஸி போட்டுக் காயவைத்துவிடுங்கள். வளையும்போது முளை அந்த வாயைப் பிளக்கப் பார்க்கும், தடுப்பது நூல்தான். நூல் சுற்றாத மூட்டோடு 'ஒரே ஒரு தடவை' வீசிப் பார்த்துப் பிளந்த பிளாங்குகள்தான் எங்களிடம் கேட்க வருபவற்றில் அதிகம்.

எண்ணில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அமெரிக்காவில் காசு எண்ணும் முறை ஒன்று இருக்கிறது. ராடைக் கிடைமட்டமாகப் பிடித்து, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, நுனி ராடு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும் வரை ஒரு சென்ட் காசுகளைப் போடுவது. நம் 90 அங்குல ராடு 30 அங்குலம் இறங்க வேண்டும். 1982-க்குப் பின் வந்த காசு 2.5 கிராம், பழையது 3.1, ஆகவே கலக்கக் கூடாது. இதோடு இன்னொரு எளிய சோதனையையும் செய்யுங்கள். கைமுனையை மேசையில் இறுக்கி, நுனியைத் தட்டிவிட்டு, 20 விநாடியில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். வெறும் பிளாங்கில் ஒரு தடவை, முடித்த ராடில் ஒரு தடவை. ஆட்டம் குறைந்த அளவுதான் கைடும் எபாக்ஸியும் நுனியில் ஏற்றிய எடை. இரண்டாவது ராடு கட்டும்போது அந்த வித்தியாசத்தைக் குறைக்கப் பாருங்கள்.

கட்டுதல்

துணியைச் சுருட்டும்போது ஒரு பக்கம் ஒரு படலம் கூடிவிடுவதால் குழாய்க்கு ஒரு முதுகெலும்பு அமைந்துவிடும். நுனியை மேசை மேல் ஊன்றி, நடுவில் விரலால் அழுத்திச் சுழற்றினால் ஒரு நிலையில் பிளாங்க் தானாகத் திரும்பி நிற்கும். கைடை அதற்கு மேலா கீழா என்ற வாக்குவாதம் முடிவே இல்லாதது. நாங்கள் அதைவிட நேர்த்தன்மையைப் பார்க்கிறோம். எந்தப் பிளாங்கிலும் சிறு வளைவு இருக்கும். ராடைப் பிடித்தால் அந்த வளைவு நுனியை மேலே தூக்கும்படி வைத்துக் கீழ்ப்பக்கம் கைடைக் கட்டுங்கள். கைடும் லைனும் ஏறிய பின் அது நேராகிவிடும்.

பிடிக்கு அரை அங்குலத் தடிமனில் கார்க் வளையம் 13 எடுத்தால் ஆறரை அங்குலம் வரும். துளையைப் பிளாங்கின் சரிவுக்கு ஏற்ப உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். கடைசி ஒரு அங்குலத்தில் மட்டும் கையால் தள்ளி இறக்கும் அளவு இறுக்கம் போதும். வளையங்களை ஒட்டிக் காய்ந்ததும், டிரில்லில் சுழலவிட்டு 80-இல் தொடங்கி 120, 220, 400 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போங்கள். சுருட்டு வடிவம் இந்த நீள ராடுக்கு அழகாகவும் கைக்கு இதமாகவும் இருக்கும்.

ரீலைப் பொருத்தும் ரீல் சீட்டின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ., பிளாங்க் 9, 10 மி.மீ. தான். இடையை நிரப்ப மாஸ்கிங் டேப்பை அரை அங்குல அகலத்தில் மூன்று மேடாகச் சுற்றுவது வழக்கம். மேடுகளுக்கு நடுவே கால் அங்குலம் வெறும் பிளாங்க் தெரிய வேண்டும், எபாக்ஸி பிடிப்பது அங்கேதான். முழு நீளத்துக்கும் டேப் சுற்றிவிட்டால் சீட் ஒட்டியிருப்பது டேப்போடு, பிளாங்கோடு இல்லை. இரண்டு மழைக்காலம் கழித்து ரீல் சீட் கையோடு சுழலும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸியும் இங்கே வேண்டாம். அது நாளடைவில் நொறுங்கும். 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் கெட்டியான எபாக்ஸிதான் சரி. ஒட்டும்போதே சீட்டின் மேல்வாயும் கைடு வரிசையும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்.

டிப்-டாப் குழாயின் அளவு அங்குலத்தில் 64-இல் இத்தனை பங்கு என்று வரும். 5 என்றால் சுமார் 2 மி.மீ. அதை எபாக்ஸியால் ஒட்டாதீர்கள். சூட்டில் இளகும் குச்சி கோந்து போதும். என்றாவது மாற்ற நேரும்போது லேசாகச் சூடுகாட்டி உருவிவிடலாம். அதையும் நெருப்பில் நேரே காட்டினால் பிளாங்கின் பிசின் கருகும்.

கைடு இடங்கள், டிப்-டாப்பின் முனையிலிருந்து அங்குலத்தில்: 5, 10½, 16½, 23, 30¼, 38½, 48, 60. இரண்டு துண்டு ராடில் மூட்டு 45-இல் வருகிறது, இந்த வரிசை அதைத் தொடாமல் தாண்டும். 60-இல் இருப்பது 10 எண் வளையமுள்ள ஸ்டிரிப்பிங் கைடு, அதாவது ரீலுக்கு அருகே வரும் பெரிய கைடு. 48-இல் 3 எண் ஸ்னேக், அதாவது பாம்பு போல வளைந்த கம்பிக் கைடு, 38½, 30¼ இரண்டிலும் 2 எண், மேலே நான்கிலும் 1 எண். இது தொடக்கம்தான். டேப்பால் ஒட்டி, லைனைக் கோத்து, நுனியை ஒரு கனத்தோடு கட்டி ராடைப் பிடி வரை வளையுங்கள். ஒவ்வொரு கைடிலும் லைன் ஏறக்குறைய ஒரே அளவு மடிய வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கூர்மையாக மடிந்தால் பக்கத்துக் கைடை அரை அங்குலம் நகர்த்திப் பாருங்கள். கண்ணாடி அதிகம் வளைவதால், கார்பன் ராடின் கைடு அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டால் நடுவில் லைன் பிளாங்கை உரசும்.

நுனிப்பக்கம் நான்கில் ஒற்றைக்கால் கைடு போட்டால் நூல்கட்டு பாதியாகும், எடையும் குறையும். ஆனால் ஆழ வளையும் ராடில் ஒற்றைக்கால் உருவிக்கொண்டு வரப் பார்க்கும். அதனால் கைடின் முன்பக்கம் நாலைந்து சுற்று தனிப்பூட்டு போட்டே தீர வேண்டும்.

கைடின் காலை அரத்தால் கத்தி முனை போலச் சரிவாக்குங்கள். இல்லாவிட்டால் நூல் ஏறும் இடத்தில் படி தெரியும். காலின் அடியில் உள்ள பிசிறை 600 எண் தாளால் எடுக்காமல் விட்டால், வளையும்போதெல்லாம் அது பிளாங்கைக் கீறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் சரியாக அந்தக் காலின் நுனியில் முறியும். 'பிளாங்க் குறை' என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பல இந்தப் பிசிறால் வந்தவை.

நூல் 'ஏ' அளவு நைலான் அல்லது பட்டு. பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல ஒன்றை ஒன்று தொட்டு, பிளாங்கிலிருந்து காலின் மேல் ஏறுமாறு சுற்ற வேண்டும். முடிய ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது ஒரு நூல் வளையத்தை உள்ளே வைத்துச் சுற்றி, நுனியை அதில் கோத்து இழுத்துவிட்டால் முடிச்சே தெரியாது. இறுக்கம்தான் பலரும் தவறுகிற இடம். சுற்றி முடித்த பின் கட்டைவிரலால் தள்ளினால் கைடு முடியளவு நகர வேண்டும். அசையாத இறுக்கம் மெல்லிய கண்ணாடிச் சுவருக்குக் கெடுதல், நேர்ப்படுத்தவும் இடம் இருக்காது. பனங்கற்கண்டு நிறப் பிளாங்கில் வெள்ளைப் பட்டு சுற்றினால் எபாக்ஸி பட்டதும் நூல் மறைந்து, கைடின் கால் கண்ணாடிக்குள் மிதப்பது போலத் தெரியும். நிறம் அப்படியே நிற்க வேண்டுமானால் கலர் பிரிசர்வர் பூசிக் காயவைத்த பிறகே எபாக்ஸி.

எபாக்ஸிக்கு வருவோம். இதில்தான் அதிகம் கெடுகிறது. பிசினும் இறுக்கியும் சரிசமம், தலா 3 மி.லி., தனித்தனி சிரிஞ்சில். கண் மதிப்பு கூடாது. ரப்பர் அடைப்பு உள்ள மருத்துவ சிரிஞ்சில் சிலிக்கான் எண்ணெய் தடவியிருக்கும், அது கலந்தால் பூச்சு மீன்கண் போலக் குழி குழியாக விலகும். அடைப்பில் ரப்பர் இல்லாத சிரிஞ்சைத் தேடி வாங்குங்கள். விரல் எண்ணெயும் அதையே செய்யும். மூன்று நான்கு நிமிடம் மெதுவாகக் கலக்கி, உடனே அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றுங்கள். கோப்பையில் குவிந்து நின்றால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். பரந்து கிடந்தால் குமிழியும் தானாக ஏறி உடையும். அறை 21 முதல் 25 டிகிரி செல்சியஸ். குளிர்ந்தால் பாகு கெட்டிப்பட்டுக் குமிழியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஈரக்காற்றில் மேலே புகைபோலப் படலம் படியும்.

முதல் பூச்சு நூலுக்குள் ஊறினால் போதும், நூலின் வரிகள் தெரியட்டும். ஸ்பிரிட் விளக்கின் புகையில்லாச் சுடரை ஒரு விநாடி காட்டினால் மீதிக் குமிழியும் போகும். நிமிடத்துக்கு பத்துச் சுற்று அளவில் சுழலும் சிறு மோட்டார் இருந்தால் ஐந்தாறு மணி நேரம் ஓடட்டும். இல்லாவிட்டால் முதல் இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரைச்சுற்றுத் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார வேண்டும். 24 மணி நேரம் கழித்து இரண்டாவது, அதுவும் மெல்லியது. ஒரே பூச்சில் தடிமனாக முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது அடியில் தொங்கி உருண்டையாகும். அதைவிட முக்கியம், நுனிப்பக்க ஏழெட்டு நூல்கட்டிலும் அப்படி ஏறினால் ராடு தூங்கிப்போகும். மறுநாளும் பிசுபிசுவென்று இருந்தால் கலவை விகிதம் தவறியிருக்கிறது. சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, சரியாகக் கலந்த மெல்லிய பூச்சை அதன் மேலேயே போட்டால் பெரும்பாலும் இறுகிவிடும்.

ஓடையில்

கார்பன் பழகிய கை முதல் பத்து நிமிடம் அவசரப்படும். பின்வீச்சில் லைன் முழுக்க நீண்டு ராடைச் சற்றே பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்பு உள்ளங்கைக்கு வந்த பிறகே முன்வீச்சு. கழுத்தைத் திருப்பிப் பின்னால் லைனைப் பார்ப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. வீச்சின் வளையம் சற்று அகலமாக இருக்கட்டும், கை மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி நிற்கட்டும். தொடக்கத்திலேயே வலுவைக் கொட்டினால் நுனி குனிந்து, லைனின் மேல்பாதி கீழ்ப்பாதியை வெட்டி, லைன் முனையில் கட்டிய மெல்லிய லீடரில் முடிச்சு விழும். நிறுத்தும்போது பிடியை இறுக்கி வெட்டி நிறுத்தினால் நுனி துள்ளி, அந்தத் துள்ளல் அலை அலையாக லைனில் ஓடும். பிடியைத் தளர்த்திக்கொண்டே நிறுத்தினால் அது அடங்கிவிடும். 20 முதல் 35 அடி இந்த ராடின் சொந்த ஊர். எதிர்காற்று, 60 அடி வீச்சு, கனத்த ஈயம் எல்லாம் கார்பனுக்கு விட்டுவிட வேண்டியவை.

ரோடோடென்ட்ரான் கூரைக்குக் கீழே பின்வீச்சுக்கு இடம் கிடையாது. அங்கே இரண்டு வீச்சு கைகொடுக்கும். ஒன்று ரோல்: தண்ணீரில் கிடக்கும் லைனை மெதுவாகத் தோள் வரை இழுத்து, பின்னால் தொங்கலாக நின்றதும் முன்னே உருட்டிவிடுவது. இதற்கு இருமுனையும் ஒரே சரிவுள்ள டபுள்-டேப்பர் லைன்தான் ஏற்றது. மற்றது உண்டிவில் போல விடுவது. ராடு நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக லைனும் லீடரும் வெளியே விட்டு, பூச்சியை முள்ளின் வளைவில் இரண்டு விரலால் பிடித்து, கூர்முனை விரலுக்கு வெளியே இருக்கும்படி பின்னே இழுத்து, ராடு நன்றாக வளைந்ததும் குறிபார்த்து விட்டுவிடுவது. கார்பன் நுனியை இப்படி மடக்கப் பலருக்கும் பயம். கண்ணாடிக்கு இது விளையாட்டு மாதிரி.

லீடர் ஏழரை அடி, அதன் முனையில் டிப்பெட் என்ற மிக மெல்லிய நரம்பு, 5எக்ஸ் அல்லது 6எக்ஸ், அதாவது 0.15 அல்லது 0.13 மி.மீ. தடிமன். பூச்சியில் 14 எண் எல்க் ஹேர் கேடிஸ் மிதக்க, அதன் முள்வளைவில் ஒன்றரை அடி டிப்பெட் கட்டி 16 எண் ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப் தொங்கவிடுவது அநேக நாட்களில் போதும். கனத்த ஈயமணி சேர்த்தால் நுனி முன்னதாகவே குனிந்து, வீச்சு உடைந்துவிடும். ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் விதி இரண்டு பூச்சிக்கு மேல் அனுமதிக்காது, ஒவ்வொன்றிலும் ஒற்றை முள், உயிர் இரை கூடாது. இரு மாநிலங்களில் எதன் உரிமம் இருந்தாலும் பூங்கா முழுதும் செல்லும். ஓடைக் கற்களை நகர்த்தக் கூடாது.

அங்கே பிறந்த மீன் புரூக் டிரவுட். ஊர்க்காரர்கள் அதை ஸ்பெக் என்கிறார்கள். உண்மையில் அது டிரவுட் இல்லை, சார் (char) என்ற மீன் இனம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரம் வெட்டியதில் ஓடைகள் சூடேறிக் கலங்கியபோது மேற்கிலிருந்து ரெயின்போ டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஸ்பெக் உயரமான தலை ஓடைகளுக்கு ஒதுங்கிப்போனது. ஆறு முதல் எட்டு அங்குலம் இருந்தாலே நல்ல மீன். அந்த மீனுக்கு 5-ஆம் எண் கார்பன் ராடு வளையக்கூட வளையாது, கண்ணாடி ராடு பிடி வரை பேசும். இதற்காகவே இவ்வளவு வேலையும்.

ஸ்பெக் கவ்வி உமிழ ஒரு நொடி போதும். கண்ணாடி நுனி கையின் வேகத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும் என்பதால் தண்ணீரில் தொங்கல் லைன் விடாமல் ராடை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், மணிக்கட்டுத் தூக்கல் போதும். மெல்லிய டிப்பெட் அறுபடாமல் காப்பதும் அதே நுனிதான். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறுமுள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு டிரவுட் பிடிப்பதை நிறுத்திவிடுங்கள், விட்ட மீனும் பிழைப்பது கடினம்.

மூட்டை அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். வீசும்போது அது மெல்லத் தளரும். தளர்ந்த மூட்டோடு இன்னும் இருபது வீச்சு போனால் வாய் பிளக்கும். முளையின் மேல் மெழுகுவத்தியையோ தேன்மெழுகையோ லேசாகத் தடவினால் பிடிப்பு கூடும். முளை மூட்டை நேராகத் தள்ளிப் பொருத்தி, நேராகவே இழுத்துப் பிரியுங்கள். மேலேறும் வகையை கால்சுற்றுத் தள்ளி வைத்துத் திருகிக்கொண்டே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரலாம். வராமல் சிக்கினால் கைடைப் பிடித்துத் திருகாதீர்கள். ராடை முழங்கால்களுக்குப் பின்னால் வைத்து, மூட்டின் இரு பக்கமும் கையால் பிடித்து, கால்களை விரித்தால் வந்துவிடும். முளை வகையில் அந்த 3 மி.மீ. இடைவெளி முழுக்க மறைந்துவிட்ட நாளில், நுனித்துண்டு வாயின் நூல்கட்டைப் பிரித்து, வாயில் 2 மி.மீ. அறுத்துத் தேய்த்து, மறுபடி நூல் சுற்றிப் பூச வேண்டும். அந்த ராடு இன்னும் பல வருடம் ஓடும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, இரவு முழுதும் வெளியே காயவிட்ட பிறகே துணிப்பையில் போட்டுக் குழாயில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் கார்க்கில் பூஞ்சை பிடிக்கும், நூல்கட்டின் ஓரத்தில் தண்ணீர் ஊறி எபாக்ஸி வெளுக்கும்.